பாலாற்று வெள்ளமும் மூன்று அறுவடைச் சிவப்பு ஒயினும்

நந்தி மலையடிவாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வருகிற, விலை அதிகமில்லாத ஒரு சிவப்பு ஒயினின் 2022, 2023, 2024 ஆகிய மூன்று அறுவடைகளையும் அண்மையில் ஒரே மேசையில் வைத்துக் குடித்துப் பார்த்தோம். தனியாகக் குடித்தபோது கடைசி இடத்தில் நின்ற 2022, பிரியாணியும் கத்தரிக்காயும் வந்த பிறகு முதலிடத்துக்குப் போய்விட்டது. முதல் வாயிலேயே எல்லோரையும் கவர்ந்த 2024, சாப்பாட்டுக்கு நடுவே யாரும் தொடாமல் கிடந்தது. இது ஏன் நடந்தது என்பதை விளக்க, ஒயினை விட்டுவிட்டு முதலில் பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வேலூர்க்காரர்களுக்குப் பாலாறு என்றால் பெரும்பாலும் மணலும் சீமைக் கருவேலமும்தான். ஆனால் அந்த ஆறு பிறக்கும் இடம் பெங்களூருக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் நந்தி மலை. அங்கிருந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி, புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாக 222 கிலோமீட்டர் கடந்து வாயலூரில் கடலோடு கலக்கிறது. தென்பெண்ணையும் வடபெண்ணையும் ஆர்க்காவதியும் அதே மலைத்தொகுதியில்தான் பிறக்கின்றன. அந்த மலையின் அடிவாரத்தில், தொட்டபள்ளாபுரத்தைச் சுற்றி, 1980-களின் இறுதியில் கன்வல் குரோவர் பிரெஞ்சுத் திராட்சை வகைகளைப் பயிரிடத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரம் ஒயினுக்குப் பேர் பெற்றது. அதற்கு முன்பும் அங்கே திராட்சை இருந்தது. கறுத்த, தோல் தடித்த, நல்ல மணமுள்ள பெங்களூர் புளூ திராட்சை. சாப்பிடவும் சாறு பிழியவும் அது உகந்தது. இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு அவ்வளவாக ஆகாது.

நான் எழுதப்போகிற ஒயின் அந்த வட்டாரத்திலுள்ள ஒரு சிறிய தோட்டத்தில் செய்யப்படுவது. காபர்னே சாவிஞான், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை வகைகளின் கலப்பு. பெயரை எழுதப்போவதில்லை, மதுவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதி ஒருபுறம் இருக்கட்டும், இங்கே சொல்ல வந்த செய்தி அந்தத் தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல, அந்த மலையடிவாரத்தின் மழைக்கு உரியது. சென்னைக்குப் போகும்போது டாஸ்மாக்கின் எலைட் கடை ஒன்றில் ஆண்டுதோறும் ஒன்றிரண்டு பாட்டில் வாங்கி வைப்பது வழக்கம். விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும். வெளிநாட்டு ஒயின்களின் விலையைப் பார்த்தவர்களுக்கு இது மலிவு. டாஸ்மாக்கில் வேறு ஏதாவது வாங்கிப் பழகியவர்களுக்கு இது அநியாயம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

லேபிளில் இருக்கும் ஆண்டு திராட்சை பறிக்கப்பட்ட ஆண்டைக் குறிக்கிறது. ஐரோப்பாவில் வசந்தத்தில் துளிர்த்து, கோடையில் காய்த்து, செப்டம்பரில் பறிக்கப்படுவதால், எல்லாமே ஒரே காலண்டருக்குள் முடிந்துவிடும். நம் பக்கம் அப்படியில்லை. தென்னிந்திய வெயிலில் திராட்சைக் கொடி உறங்குவதே கிடையாது. விட்டால் ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே கொடிக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். அறுவடை முடிந்து ஏப்ரலில் செய்யும் முதல் கவாத்து, காய்க்கப்போகும் கிளைகளை வளர்ப்பதற்கு. மழைக்காலத்தின் நடுவில், செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ செய்யும் இரண்டாவது கவாத்துதான் பழத்துக்கு உரியது. அதற்குப் பிறகு துளிர்த்து, பூத்து, காய்த்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பழம் பறிக்கிறார்கள். அதாவது 2022 என்று லேபிளில் போட்டிருந்தால், அந்த ஒயினின் விதி பெருமளவு 2021 அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் எழுதப்பட்டுவிட்டது. பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோவில் ஏப்ரல் மாதத்துப் பனி கொடியின் துளிரைக் கருக்கிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். 2021 ஏப்ரலில் பிரான்சில் பல பகுதிகளில் அப்படித்தான் கருகியது. நந்தி மலையடிவாரத்தில் பனி பயமில்லை, வடகிழக்குப் பருவமழை பயம்தான். நாம் வேலூரில் ஏரி நிரம்பாதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற அதே வாரங்களில், தோட்டக்காரர் மழை நிற்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

2021 நவம்பரை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாலாற்றில் கரையோடு கரையாகத் தண்ணீர் ஓடியது. பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் முதியவர்கள் கூடத் தாங்கள் இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். அந்த மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். ஒயின் பேச்சுக்கு நடுவே அந்த மழையைக் குறிப்பிடும்போது இதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை. நம் ஊரில் ஓடிய வெள்ளம் முழுவதும் நந்தி மலையிலிருந்து வந்ததல்ல. பொன்னையாறும் கவுண்டன்யா நதியும் மலட்டாறும் கொண்டுவந்து சேர்த்தது நிறைய. ஆனால் மழை ஒரே மழைதான். சிக்கபள்ளாபுரம், கோலார் பக்கமெல்லாம் அந்த நவம்பரில் கொட்டித் தீர்த்தது. ஏறக்குறைய அக்டோபரில் கவாத்து முடிந்த கொடிகள் அப்போதுதான் இளந்துளிரும் பூவுமாக நின்றிருந்தன.

ஈரம் காயாத இலையில் அடிச்சாம்பல் நோய் வருவதற்கு அதிக நேரம் தேவையில்லை. இலையின் மேற்புறம் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் திட்டு. அடிப்புறம் திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சை. பூங்கொத்தில் பிடித்துவிட்டால் அந்தக் கொத்து போனதுதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்தோ கலவையைத் தெளிக்கிறார்கள். தெளித்ததை அடுத்த மழை கழுவிவிட்டுப் போகிறது. அந்தத் தோட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தபோது சுற்றிக் காட்டியவர், 2022 அறுவடையில் ஷிராஸ் கொத்துகளை நிறைய இழந்ததாகவும், தோல் தடித்த காபர்னே ஓரளவு தாக்குப்பிடித்ததாகவும் சொன்னார். ஒயினைக் குடித்தபோது அவர் சொன்னது புரிந்தது.

அடுத்த ஆண்டும் மழைக்குக் குறைவில்லை. 2022 பெங்களூர் நகரில் பதிவுகளிலேயே அதிக மழை பெய்த ஆண்டு. ஆனால் அந்த மழையின் பெரும்பகுதி கவாத்துக்கு முன்னாலேயே பெய்து தீர்ந்தது. பொறுக்க முடிந்தவர்கள் கவாத்தைச் சில வாரம் தள்ளிப்போட்டார்கள். டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் புயல் நமக்கும் அவர்களுக்கும் சேர்த்துக் குளிரும் தூறலும் கொடுத்தது. அதற்குள் காய் பிடித்துவிட்டிருந்ததால் பூங்கொத்துக்குப் பயமில்லை. பிறகு வந்த ஜனவரியும் பிப்ரவரியும் வறண்டு, இரவில் குளிர்ந்து, பழத்தை நிதானமாகப் பழுக்க வைத்தன. தோட்டக்காரர் கேட்டுப் பெற்றது போன்ற வானிலை என்று சொல்ல முடியாது. கடைசியில் சமாளித்துக்கொண்ட வானிலை.

2023-இல் எல்லாம் தலைகீழ். எல் நினோ ஆண்டு. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. 2024 கோடையில் பெங்களூரில் குடிநீருக்கு லாரிக்காகக் காத்திருந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். அந்த வறட்சியில் சொட்டு நீரை மட்டும் நம்பிக் காய்த்த திராட்சைதான் 2024 அறுவடை. கொடிக்குத் தண்ணீர் குறைந்தால் பழம் சிறுக்கும். பழம் சிறுத்தால் சாறு குறைந்து, சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து வருவதால், வறண்ட ஆண்டின் ஒயின் இருண்டும் இறுகியும் இருப்பது இயல்பு. சர்க்கரை ஏறுவதால் ஆல்கஹாலும் ஏறும். பழத்திலுள்ள புளிப்பு மட்டும் வெயிலில் கரைந்துபோகும்.

மூன்றையும் குடித்துப் பார்ப்பதற்கு முன்னால், வேலூரில் ஒயின் வைத்திருப்பதைப் பற்றிச் சில வார்த்தை. இந்தக் கலைக்கு எதிரான ஊர் ஒன்றைத் தேடினால் நம் ஊர் நன்றாகத் தேறும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுவதும், இரவு முழுவதும் சுவர் வெப்பம் விடுவதும் நமக்குப் பழக்கம், ஒயினுக்குப் பழக்கமில்லை. அலமாரியில் ஒரு கோடையைக் கழித்த பாட்டிலைத் திறந்தால் பழத்தின் புதுமை போய், காய்ச்சிய திராட்சைப் பாகு போன்ற மணம் வரும். அது எந்த ஆண்டு ஒயின் என்று கேட்பதிலேயே பொருளில்லை, ஏனென்றால் அது நந்தி மலையின் 2022 ஆக இருக்காது, காட்பாடியின் மே மாதமாக இருக்கும். கிடங்கில் வெந்துபோய் வந்த பாட்டில் ஒன்று எனக்கும் கிடைத்திருக்கிறது. எந்தக் கடை என்பது முக்கியமில்லை. ஆண்டுகளை ஒப்பிட விரும்புகிறவர்கள் கோடை தொடங்குவதற்கு முன்னால் வாங்கி, நேராகக் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் படுக்க வைத்துவிடுவது நல்லது. திருகு மூடி என்பதால் தக்கை காய்ந்துபோகும் கவலை இல்லை. இந்த மூன்றும் அப்படி வைக்கப்பட்டவைதான். ஒன்றில் தெரிகிற குறையும் நிறையும் ஊர் வெயிலால் வந்தவை அல்ல என்று ஓரளவு நம்பிப் பேச முடிவது அதனால்தான்.

சிவப்பு ஒயினை அறையின் வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று எழுதியவர்களின் அறை ஐரோப்பாவில் இருந்தது. 16 முதல் 18 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பெட்டியிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் வெளியில் வைத்தாலே நம் ஊரில் அந்த நிலைக்கு வந்துவிடும். மறந்துவிட்டால் 32 டிகிரிக்குப் போய், ஆல்கஹால் மட்டும் மூக்கில் ஏறும்.

அன்று மேசையில் என் மனைவியும், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றின் ரசாயனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் இருந்தார்கள். ஒரே மாதிரியான மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஒரே அளவு ஊற்றி, நாட்காட்டியில் கிழித்த தேதித் தாள்களை அடியில் வைத்துப் பார்த்தோம். 2022 டம்ளரின் வழியாகத் தேதியின் பெரிய எண் மட்டுமல்ல, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலம், எமகண்டம் வரை படிக்க முடிந்தது. விளிம்பில் செங்கல் நிறம் தொடங்கியிருந்தது. 2023-இல் பெரிய எண் தெரிந்தது, பொடி எழுத்து கலங்கியது. 2024-இன் அடியில் தாள் இருப்பதே தெரியவில்லை. விளிம்பு நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம். டம்ளரைச் சாய்த்து நிமிர்த்தியபோது கண்ணாடியில் ஊதாப் படலம் ஒட்டி, மெல்ல வழிந்து இறங்கியது.

மணத்தில் 2022 எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. எனக்கும் நண்பருக்கும் முதலில் எழுந்தது மிளகு, அப்போதுதான் இடித்த மிளகு. என் மனைவி எவ்வளவு முகர்ந்தும் மிளகு இல்லவே இல்லை என்றார். பச்சைக் குடைமிளகாய் நறுக்கிய வாசனைதான் வருகிறது என்றார். இரண்டும் சரி. ஷிராஸில் மிளகு மணம் தருவது ரோட்டண்டோன் என்ற சேர்மம். நாம் ரசத்துக்கு இடிக்கும் மிளகிலும் அதேதான் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் அதைக் கண்டறிந்து வெளியிட்டபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரிவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். குளிர்ந்த, ஈரமான ஆண்டுகளில் அது பழத்தில் அதிகமாக இருக்கும். குடைமிளகாய் வாசனை காபர்னேயின் பங்கு; முழுதாகப் பழுக்காத காபர்னேயில் அது மிஞ்சி நிற்கும். மழை ஆண்டு என்பதற்கு லேபிளைப் பார்க்காமலேயே இரண்டு சாட்சிகள். வாயில் 2022 மெலிந்தது. புளிப்பு முன்னால் நிற்கிறது, செர்ரியும் களாக்காயும் போன்ற பழச்சுவை பின்னால் வந்து சீக்கிரமே போய்விடுகிறது. துவர்ப்பு லேசு. தனியாகக் குடித்தால் ஏதோ ஒன்று குறைகிறது என்றே தோன்றும்.

2023 பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, அது குறையில்லாத ஒயின். மிளகு இருக்கிறது, அளவாக. நாவல், கொஞ்சம் பிளம், ஓக் பீப்பாயிலிருந்து வந்த மெல்லிய பட்டை மணம், நடுவில் ஒழுங்கான புளிப்பு. அவித்த வேர்க்கடலையோடு இதைக் குடித்துக்கொண்டு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். மூன்றில் எதை இன்னும் இரண்டு ஆண்டு வைத்திருக்கலாம் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

2024 வேறு ஆள். முதல் வாயில் அசத்துகிறது. கறுத்த பழம், சாக்லேட், காய்ந்த அத்தி; வாய் முழுவதையும் நிரப்பிக்கொண்டு, விழுங்கிய பிறகும் நெடுநேரம் நிற்கிறது. லேபிளில் ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி. 2022-இல் அது 13-க்குக் கீழே. இரண்டாவது வாயில் துவர்ப்பு ஈறைப் பிடிக்கத் தொடங்கியது. நண்பர் டம்ளரைக் கீழே வைத்து, நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இன்னும் குழியில நாலு நாள் கெடக்கணும்" என்றார். தோலைப் பதனிடும் குழியைச் சொல்கிறார். அவர் சொன்னது வேடிக்கைக்காக மட்டுமல்ல. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் குரோமியம் வருவதற்கு முன்னால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தினார்கள். அவற்றில் வேலை செய்தது, துவர்ப்பைத் தரும் டானின். டானின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். ஆட்டுத் தோலின் புரதத்தைப் பற்றி அதை அழுகாத தோலாக்குகிறது, ஒயினிலிருக்கும்போது நம் எச்சிலின் புரதத்தைப் பற்றி வாயை உலர்த்துகிறது. அந்தத் துறையில் ஒரு வாழ்நாள் இருந்தவருக்கு ஒயினின் டானின் பழுத்ததா, முரடா என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முரடுதான், ஆனால் நல்ல சரக்கு, ஓராண்டு போனால் அடங்கும் என்பது அவர் தீர்ப்பு.

சாப்பாட்டுக்கு முன் மூவரும் வரிசைப்படுத்தினோம். நானும் மனைவியும் 2024-ஐ முதலிலும், நண்பர் 2023-ஐ முதலிலும் வைத்தோம். 2022-ஐ மூவரும் கடைசியில் வைத்தோம். ஒயின் எழுதுகிறவர்கள் பெரும்பாலோர் மதிப்பெண் போடுவது இந்தக் கட்டத்தில்தான்: சாப்பாடு இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வாய் குடித்து. இருண்டதும் இனித்ததும் பெரியதும் ஜெயிக்கிற போட்டி அது. விலை குறைந்த ஒயினைச் செய்கிறவர்களும் இதை அறிவார்கள், அதனால் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கூடுதலாகப் பழுக்க வைத்துப் பறிக்கும் ஆசை அவர்களுக்கு வருகிறது.

பிறகு ஆம்பூர் பிரியாணி வந்தது. சீரகச் சம்பா அரிசி, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, ஆட்டிறைச்சி. கூடவே புளி ஊற்றிச் சமைத்த கத்தரிக்காய். அன்று கிடைத்தது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துக் காய், காம்பில் முள்ளும் உள்ளே வெண்ணெய் போன்ற சதையும் உடையது. இந்தச் சாப்பாடு ஒயினுக்கு மூன்று சோதனைகளை வைக்கிறது: காரம், கொழுப்பு, புளி.

2024 காரத்திலேயே விழுந்தது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூக்கிவிடும், துவர்ப்பு அதை இன்னும் கரடாக்கும். ஒரு கவளத்துக்குப் பின் குடித்த வாய், தொண்டையில் காரத்தைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆட்டிறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைப் பற்றி அடக்கும் என்பது உண்மை, அதை எதிர்பார்த்துத்தான் நானும் இதை முதலில் எடுத்தேன். தனியாக வறுத்த இறைச்சித் துண்டோடு அது நடந்தது, ஆனால் பிரியாணியின் மிளகாய் விழுதுக்கு முன்னால் அந்த உதவி போதவில்லை. கத்தரிக்காயோடு நிலைமை இன்னும் மோசம். புளியின் முக்கியமான அமிலம் டார்டாரிக். திராட்சையின் முக்கியமான அமிலமும் அதுவே. தட்டிலிருக்கும் புளிப்பைவிட டம்ளரிலிருக்கும் புளிப்பு குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். வெயிலில் புளிப்பை இழந்த 2024, புளி ஊற்றிய கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் உப்பில்லாத பண்டமாகிவிட்டது. வெப்பமான நாடுகளில் அறுவடைக்குப் பின் டார்டாரிக் அமிலம் சேர்ப்பது அனுமதிக்கப்பட்ட, பொதுவான வழக்கம். இந்த ஒயினிலும் சேர்த்திருக்கக்கூடும். சேர்த்ததும் போதவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

2022-ஐ வேறு எதிர்பார்ப்பின்றி ஊற்றினேன். தனியாக மெலிந்து நின்ற அதே புளிப்பு, கத்தரிக்காயின் புளியோடு சமமாக வந்து நின்று, பிரியாணியின் நெய்யை வாயிலிருந்து துடைத்துக்கொண்டு போனது. ஆல்கஹால் குறைவு என்பதால் மிளகாய் தூக்கவில்லை. துவர்ப்பு லேசு என்பதால் கரடு இல்லை. குடைமிளகாய் மணம் கத்தரிக்காயின் மணத்தோடு கலந்து தனியாகத் தெரியாமல் போனது. மிளகு மட்டும் மேலே நின்றது. அதுவரை பின்னால் ஒளிந்திருந்த பழச்சுவை, சாப்பாட்டின் உப்பு பட்டதும் முன்னால் வந்தது. பாட்டில் காலியாகிவிட்டதை நண்பர்தான் முதலில் பார்த்தார். 2024-இல் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. 2023 இரண்டுக்கும் நடுவில், யாரையும் வருத்தாமல், யாரையும் வியக்க வைக்காமல் கடைசிவரை துணை இருந்தது.

ஆகவே மழை ஆண்டு கெட்ட ஆண்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நம் பக்கத்துச் சாப்பாட்டைக் கருத்தில் கொண்டு கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. தோட்டக்காரருக்கு அது கெட்ட ஆண்டுதான். கொத்துகள் போயின, செலவு ஏறியது, கிடைத்த ஒயினும் குறைவு. அதை மறுப்பதற்கில்லை. வெள்ளைக்காரச் சாப்பாட்டின் வாட்டிய மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் வைத்தால் 2024 மற்ற இரண்டையும் ஓரம் கட்டிவிடும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் புளியும் மிளகாயும் இல்லாமல் ஒரு நாளும் சாப்பிடாதவர்கள், மதிப்பெண்ணைப் பார்த்து வறண்ட ஆண்டின் ஒயினைத் தேடி வாங்குவது வீண் செலவு. பாலாற்றில் தண்ணீர் வந்த ஆண்டுக்கு அடுத்த எண்ணை லேபிளில் தேடுங்கள். ஆறு வறண்ட ஆண்டுக்கு அடுத்த எண்ணை வேறு சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இது தோராயமான கணக்கு. ஆண்டின் எந்த மாதத்தில் பெய்தது என்பதைப் பொறுத்து இது பொய்த்துப்போகும் என்பதற்கு 2023 அறுவடையே சான்று, எவ்வளவோ மழைக்குப் பிறகும் அது நடுவில் வந்து நிற்கிறது.

இப்படி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே ஒரு சிறு தோட்டத்து ஒயினை வாங்குவதற்குக் காரணம் என்றும் தோன்றுகிறது. பல ஊர்களிலிருந்து திராட்சை வாங்கிக் கலக்கும் பெரிய நிறுவனங்களின் ஒயின் எந்த ஆண்டும் ஏறக்குறைய ஒரே சுவையில் இருக்கும். அதற்கென்று வாங்குபவர்கள் அதிகம், அதில் தவறுமில்லை. ஒரே மலையடிவாரத்து ஒரே கொடிகளிலிருந்து வரும்போது, மழையை ஒளித்து வைக்க இடமில்லை. ஆயிரம் ரூபாய் ஒயினில் இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

வாங்க நினைப்பவர்களுக்கு: 2022 இன்னும் எங்காவது அலமாரியில் இருந்தால், குளிர்ந்த கிடங்கில் இருந்ததா என்று கேட்டுவிட்டு வாங்கி, இந்த மழைக்காலத்துக்குள் குடித்துவிடுங்கள்; விளிம்பில் செங்கல் நிறம் வந்துவிட்டது, பழச்சுவைக்கு அதிக நாள் இல்லை. 2023-ஐ ஒன்று குடித்து ஒன்று வைக்கலாம். 2024-ஐ வாங்கியிருப்பவர்கள் அடுத்த கோடை தாண்டும்வரை காய்கறித் தட்டிலேயே விட்டு வையுங்கள், பிறகு காரம் குறைத்து வறுத்த ஆட்டிறைச்சியோடு திறக்கலாம், பிரியாணியோடு வேண்டாம். 2025 அறுவடையின் கொடிகள், 2024 அக்டோபர் பெருமழையையும், நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெங்கல் புயலின் ஈரத்தையும் பார்த்தவை. கணக்குப்படி அதில் மிளகு தூக்கலாக இருக்க வேண்டும். அதில் இரண்டு பாட்டில் எடுத்து வைக்கும்படி நண்பர் இப்போதே சொல்லிவிட்டார், கத்தரிக்காய் தன் பொறுப்பாம்.